ட்ராப் ராப் ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி: முதல் கேட்பு முதல் வெளியீடு வரை

“பீட் செம, ஃப்ளோ வேற லெவல், ஆனா எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு.” புதிதாக ஒரு ட்ராப் (அமெரிக்காவின் அட்லாண்டாவில் வளர்ந்த, பாஸ் கனத்த ராப் வகை) ஆல்பம் வந்தால் மறுநாளே இந்த மூன்று வரிகள் விமர்சனம் என்ற பெயரில் வந்து விழும். எந்த ஆல்பத்துக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் வரிகள் இவை. படிப்பவருக்கு அந்த ஆல்பத்தைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை, உழைத்தவர்களுக்கும் நியாயம் கிடைப்பதில்லை.

ராப் நிறையக் கேட்டுப் பழகி, இப்போது அதைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. ஒரு விதியை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் பின்னால் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: எந்தப் பதிப்பு, எத்தனையாவது பாட்டு, எந்த நிமிடம், எதில் கேட்டது. 45 நிமிட ஆல்பம் என்றால் ஐந்தாறு நாட்களில் மொத்தம் பத்து மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதற்குக் குறைந்தால் கேட்பதை விட ஊகிப்பதுதான் அதிகமாகும்.

1. கேட்கும் கருவியைச் சரிசெய்யுங்கள்

ட்ராப்பின் உயிர் அடித்தளத்தில் இருக்கிறது. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் விற்பனைக்கு விட்ட டிஆர்-808 ட்ரம் இயந்திரத்தின் கிக் ஒலியை நீட்டி, சுருதி ஏற்றி, பாஸாக வாசிப்பதைத்தான் இன்று “808” என்கிறோம். அதன் அடிப்படை அலைவரிசை பெரும்பாலும் 30 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் ஓடும். ஃபோன் ஸ்பீக்கரிலோ லேப்டாப் ஸ்பீக்கரிலோ இந்தப் பகுதி வரவே வராது. அங்கே உங்கள் காதில் விழுவது 808-ஐ வேண்டுமென்றே சிதைத்து (டிஸ்டார்ஷன்) உறும வைத்ததால் பிறந்த மேல்சுரங்கள் மட்டுமே. ஃபோனில் கேட்டுவிட்டு “பாஸ் பலவீனம்” என்று எழுதினால் அது ஃபோனுக்கு எழுதிய விமர்சனம்.

செலவு என்று பார்த்தால் பெரிய உருப்படி ஒன்றுதான்: காதை முழுக்க மூடும், வயர் உள்ள ஸ்டுடியோ வகை ஹெட்ஃபோன். தொடக்கத்துக்கு ஆடியோ-டெக்னிக்கா எம்20எக்ஸ் போன்ற கீழ்நிலை மாடலே போதும், சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். சோனி எம்டிஆர்-7506 கிடைத்தால் இன்னும் நல்லது. “எக்ஸ்ட்ரா பாஸ்” என்று விளம்பரப்படுத்தும் ப்ளூடூத் வகைகளை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். எல்லா ஆல்பத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். இதோடு ஒரு மாத ஸ்ட்ரீமிங் சந்தா. தாளவேகம் அளக்கும் செயலி, பியானோ செயலி, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் எல்லாம் இலவசம்.

உட்காருவதற்கு முன் செயலியின் அமைப்புகளைத் திறந்து இவற்றைப் பாருங்கள்: ஈக்வலைசரும் பாஸ் பூஸ்டும் அணைந்திருக்க வேண்டும், ஒலித்தரம் உச்சத்தில் இருக்க வேண்டும், க்ராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) அணைந்திருக்க வேண்டும். ஒரு பாட்டு அடுத்ததற்குள் எப்படி நுழைகிறது என்பதை க்ராஸ்ஃபேட் கெடுத்துவிடும். ஆப்பிள் மியூசிக்கில் கேட்பவர்கள் டால்பி அட்மாஸ் அணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அட்மாஸ் என்பது தனியாகச் செய்த மிக்ஸ். அதில் 808-இன் எடையும் குரல் நிற்கும் இடமும் ஸ்டீரியோவிலிருந்து வேறுபடலாம். எதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம் என்று தெரியாமலே எழுதுவது இங்கேதான் அதிகம் நடக்கிறது.

ஸ்பாட்டிஃபையில் பாட்டுகளின் ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இயல்பாக ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவில் இயங்கும். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது அதை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் சத்தமாக மாஸ்டர் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் செப்பம்) செய்ததே நல்லதாகத் தோன்றும். ஆனால் ஆல்பத்தை ஷஃபிளில் போடாதீர்கள். வரிசையாகக் கேட்கும்போது முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவும், கலைத்துக் கேட்கும்போது பாட்டுக்குப் பாட்டு வேறு அளவும் வைக்கப்படுகிறது. மெதுவான இடைவேளைப் பாட்டு ஒன்று ஷஃபிளில் மட்டும் திடீரென்று எகிறுவதற்கு இதுவே காரணம்.

2. எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள்

ஆல்பம் உலகளவில் வெள்ளிக்கிழமை வெளியாகும் முறை 2015 ஜூலையில் வந்தது. பெரிய அமெரிக்க ட்ராப் வெளியீடுகள் பலவும் நியூயார்க் நள்ளிரவைக் கணக்கில் வைத்தே இறங்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது வெள்ளி காலை 9:30. அமெரிக்காவில் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை கடிகாரம் மாறுவதால் 10:30. அறிவித்த நேரத்துக்கு வராமல் போவதும் இந்த உலகில் சாதாரணம். வேலைநாளை அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

முதல் வேலை, பாட்டுப் பட்டியலை அன்றைய தேதியோடு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைப்பது. காரணம் இருக்கிறது. லில் உஸி வெர்ட்டின் ‘எடர்னல் அடேக்’ 2020 மார்ச் 6 அன்று வந்தது. ஒரே வாரத்தில் அதன் டீலக்ஸ் (கூடுதல் பாட்டுகள் சேர்த்த பதிப்பு) 14 புதுப் பாட்டுகளோடு வந்தது. பெயருக்கு டீலக்ஸ், உண்மையில் இன்னொரு முழு ஆல்பம். ப்ளேபாய் கார்ட்டியின் ‘மியூசிக்’ 2025 மார்ச் 14 அன்று 30 பாட்டுகளோடு வெளியாகி, அந்த மாதம் முடிவதற்குள் கூடுதல் பாட்டுகளோடு நீண்டது. நீங்கள் எழுதிய “கடைசிப் பாட்டு” அடுத்த வாரம் கடைசிப் பாட்டாக இருக்காது. எனவே விமர்சனத்தின் தலைப்பகுதியிலேயே தேதியையும் பாட்டுகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

அடுத்து, எக்ஸ்ப்ளிசிட் குறி (கெட்ட சொற்கள் வெட்டப்படாத பதிப்பு என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பக் கணக்குகளில் வடிகட்டி போட்டிருந்தால் சுத்தப் பதிப்பு ஓடும். சொற்களை வெட்டும்போது ஆட்-லிப்களும் (முதன்மைக் குரலுக்குப் பின்னால் வரும் கூவல்கள்) சேர்ந்து போய் தாளத்திலேயே ஓட்டை விழும். “ரைம் இங்கே உடைகிறது” என்று நீங்கள் எழுதுவது கத்தரிக்கோலின் வேலையாக இருக்கலாம்.

மிக்ஸ்டேப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழைய பொருளில் மிக்ஸ்டேப் என்பது பிறருடைய பீட்டுகளின் மேல் பாடி, டிஜே ஒருவர் குரல் கொடுத்து நடத்தி, இலவசமாகப் பரப்பிய தொகுப்பு. அட்லாண்டாவின் டிஜே ட்ராமா நடத்திய ‘கேங்ஸ்டா கிரில்ஸ்’ வரிசை அதற்குப் பெயர் பெற்றது. 2007 ஜனவரியில் இதே வேலைக்காக அவருடைய இடத்தில் போலீஸ் சோதனை நடந்து கைதும் ஆனார். 2015 வாக்கில் “மிக்ஸ்டேப்” என்ற பெயரிலேயே விலைக்கு விற்கும் தொகுப்புகள் வழக்கமாகிவிட்டன. ஆகவே கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெளியுங்கள். இலவச, அவசர, சோதனைத் தொகுப்பை முழு ஆல்பத்தின் தராசில் நிறுத்துவது நியாயமில்லை. விலை வைத்து, விளம்பரம் செய்து, பெயருக்கு மட்டும் மிக்ஸ்டேப் என்று சொல்லிக்கொண்டு வருவதற்கு அந்தச் சலுகையைக் கொடுக்கவும் வேண்டியதில்லை.

பழைய மிக்ஸ்டேப்புகள் ஸ்ட்ரீமிங்கில் ஏறும்போது உரிமை கிடைக்காத பாட்டுகள் கழன்றுவிடும். லில் வெய்னின் 2009 ‘நோ சீலிங்ஸ்’ 2020-இல் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தபோது அப்படித்தான் சில பாட்டுகள் இல்லாமல் வந்தது. மூலப் பட்டியலைச் சரிபார்க்க, டேட்பிஃப் என்ற மிக்ஸ்டேப் தளத்திலிருந்து இன்டர்நெட் ஆர்கைவுக்குப் போய்ச் சேர்ந்த தொகுப்பு உதவும்.

3. எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று பாருங்கள்

வரலாறு எழுத வேண்டாம், தராசைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஜீஸி, குச்சி மேன் வழியில் வந்த அட்லாண்டா ட்ராப்புக்கு எடையும் நிதானமும் முக்கியம். லெக்ஸ் லூகர் 2010-இல் வாக்கா ஃப்ளாக்கா ஃப்ளேமுக்குச் செய்தது போன்ற பீட்டுகளில் பிராஸ் ஒலியும் முரட்டுத்தனமும்தான் நோக்கம். மெம்ஃபிஸ் கிளையில் இருட்டும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப மந்திரம்போல ஓதுவதும் மரபு. கார்ட்டி, கென் கார்சன் வகை ‘ரேஜ்’ பாட்டுகளில் சின்த் (மின்னணு இசைக்கருவி) கூச்சலிட வேண்டும், 808 கிழிய வேண்டும். ‘ப்ளக்’ வகையில் எல்லாம் மென்மையாக மிதக்க வேண்டும். 808 வழுக்கிக்கொண்டு ஓடி, ஸ்நேர் ட்ரம் எதிர்பாராத இடத்தில் விழுந்தால் அது நியூயார்க் அல்லது லண்டனின் டிரில் என்ற வேறு ராப் வகையாக இருக்கலாம். அதை ட்ராப் என்று எழுதினால் தெரிந்தவர்கள் முதல் பத்தியோடு எழுந்து போய்விடுவார்கள்.

இதற்கு ஒரு மணி நேரம் போதும். அதே கலைஞரின் முந்தைய இரண்டு ஆல்பங்களிலிருந்து நான்கைந்து பாட்டுகள், அதே தயாரிப்பாளர் வேறொருவருக்குச் செய்த இரண்டு பாட்டுகள், அவ்வளவுதான்.

4. கேட்கும் வரிசை

முதல் நாள் ஒரு முறை மட்டும், இடைவெளி இல்லாமல், குறிப்பெடுக்காமல், ஃபோனை எட்ட வைத்துவிட்டுக் கேளுங்கள். முடிந்ததும் பட்டியலைப் பார்க்காமல் நினைவில் நிற்கும் பாட்டுகளை எழுதுங்கள். இருபதில் மூன்றுதான் நிற்கிறது என்றால் அதுவும் ஒரு தகவல்.

இரண்டாம் நாள், குறிப்பேட்டோடு. பாட்டுக்கு ஒரு வரி: எண், நீளம், தாளவேகம், பீட் எத்தனையாவது வினாடியில் விழுகிறது, ஹூக் (பல்லவிபோலத் திரும்ப வரும் பகுதி) எங்கே தொடங்குகிறது, விருந்தினர் பாடகர் எங்கே நுழைகிறார், உங்களை நிமிர வைத்த இடம், கவனம் கலைந்த இடம். கடைசி இரண்டும்தான் பின்னால் விமர்சனமாக மாறும். ஆகவே அங்கே வினாடியைத் தவறாமல் எழுதுங்கள்.

மூன்றாம் நாள் காரில், அல்லது பாஸ் வரக்கூடிய பெரிய ஸ்பீக்கரில். அட்லாண்டாவில் இந்த இசை சோதிக்கப்படும் இடம் காரும் கிளப்பும்தான். ஹெட்ஃபோனில் நெரிசலாகத் தெரிந்த பாட்டு அங்கே மூச்சு விடும். அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நான்காம் நாள் வரிகளுக்கு. ஐந்தாம் நாள் ஒன்றும் கேட்காதீர்கள். ஆறாம் நாள் ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள்.

இந்த இடைவெளி வீண் சடங்கு அல்ல. கார்ட்டியின் ‘ஹோல் லாட்டா ரெட்’ 2020 கிறிஸ்துமஸ் அன்று வந்தபோது ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். முடிக்கப்படாத பாட்டுகள்போல இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஒரு தலைமுறையே அந்த ஒலியைப் பின்பற்றியது. முதல் நாள் காதுக்குப் புதிது எது, பிழை எது என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல் இருப்பதில்லை.

5. பீட்டைப் படிப்பது

பெரும்பாலான புதியவர்கள் இங்கே இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். ட்ராப் விமர்சனத்தின் பாதி எடை இங்கேதான் இருக்கிறது.

தாளவேகத்திலிருந்து தொடங்குங்கள். ட்ராப் பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 130-க்கும் 160-க்கும் இடைப்பட்ட அடிகளில் எழுதப்பட்டு, பாதி வேகத்தில் உணரப்படும். 140 என்று தயாரிப்பாளர் குறித்த பாட்டில் உங்கள் தலை 70-க்கு ஆடும். கைத்தட்டலோ ஸ்நேரோ பாரின் (நான்கு அடிகள் கொண்ட தாளச் சுற்றின்) மூன்றாவது அடியில் விழும். அதனால் பார் எண்ணும்போது குழப்பம் வரும். 140-இல் ஒரு பார் 1.7 வினாடி, 16 பார் ஏறத்தாழ 27 வினாடி. 70 என்று எண்ணினால் அதே 16 பார் 55 வினாடி. “16 பார் வெர்ஸ்” (வெர்ஸ் என்பது சரணம்) என்று எழுதும் முன் எந்தக் கணக்கு என்று உறுதி செய்யுங்கள். பாதுகாப்பான வழி, வினாடியிலேயே சொல்லிவிடுவது.

ஹை-ஹாட்டை (ட்ரம்ஸில் ‘ட்ஸ் ட்ஸ்’ என்று ஒலிக்கும் சிறு தாளத்தை) தனியாகக் கேளுங்கள். சீரான ஓட்டத்துக்கு நடுவே மும்மடிப்பாகவும் முப்பத்திரண்டாம் பங்காகவும் உருட்டல்கள் வரும். உருட்டல் எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வந்தால் பீட்டும் குரலும் பேசிக்கொள்கின்றன. எட்டு வினாடிக்கு ஒரு முறை கடிகாரம்போல அதே உருட்டல் வந்துகொண்டே இருந்தால், ஒரு துண்டைச் செய்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்து 808-இன் சுருதி. மெலடியோடு அது சேர்கிறதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஹெட்ஃபோனில் நீளமாக ஒலிக்கும் ஒரு 808 அடியைத் தேர்ந்தெடுத்து, அதை மேல் ஸ்தாயியில் முனகுங்கள். பியானோ செயலியில் அந்தச் சுரத்தைக் கண்டுபிடியுங்கள். அதே வினாடியில் மெலடி நிற்கும் சுரத்தையும் கண்டுபிடியுங்கள். இரண்டும் அடுத்தடுத்த கட்டையாக உரசிக்கொண்டு, பாட்டு முழுக்க அப்படியே இருந்தால் சந்தேகப்படலாம். இந்தப் பிழை வருவதற்கான காரணம் தெரிந்தால் துணிந்து எழுதலாம்: 808 சாம்பிளின் (பதிவுசெய்த ஒலித்துண்டின்) அசல் சுரம் எஃப் ஆக இருக்க, மென்பொருள் அதை சி என்று எடுத்துக்கொண்டால் வாசிப்பது எல்லாமே மொத்தமாக இடம் பெயர்ந்துவிடும். இன்னொரு பிழை, முந்தைய அடியின் வால் முடிவதற்குள் அடுத்தது விழுந்து இரண்டும் குழம்புவது. சாம்ப்ளரில் ஒரு நேரத்தில் ஒரு குரல் மட்டும் என்று வைக்காவிட்டால் இது நடக்கும். கேட்பதற்கு அடித்தளம் சேறாக இருக்கும்.

உறுமலும் கிழிசலும் பிழையா, தேர்வா? இதில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். முதலில் உங்கள் பக்கம் சரியா என்று பாருங்கள். ஒலியளவை அறுபது சதவீதத்துக்கு இறக்கியும் கிழிகிறதா? கிழிந்தால் அது பாட்டில் இருப்பதுதான். பிறகு எது கிழிகிறது என்று கேளுங்கள். 808 மட்டும் கிழிந்து, குரலும் ஹை-ஹாட்டும் தெளிவாக நின்றால் அது முடிவெடுத்துச் செய்தது. 808 விழும்போதெல்லாம் குரலின் ‘ஸ’ ஓசை நொறுங்கி, ஹாட்கள் மங்கி, மொத்தமும் உள்வாங்கினால் மாஸ்டரிங்கில் லிமிட்டரை (ஒலி உச்சத்தை அடக்கும் கருவியை) எல்லை மீறித் தள்ளியிருக்கலாம். ரேஜ் வகையில் அதையும் வேண்டுமென்றே செய்வார்கள். அதனால்தான் மூன்றாம் படியில் அதே தயாரிப்பாளரின் வேறு இரண்டு பாட்டுகளைக் கேட்கச் சொன்னது. அங்கேயும் அப்படித்தான் என்றால் அது அவர் பாணி. பிடிக்கவில்லை என்று சொல்லலாம், தெரியாமல் செய்தார் என்று சொல்லக்கூடாது.

யார் செய்த பீட் என்பதை டேகை (பாட்டின் தொடக்கத்தில் தயாரிப்பாளர் பெயர் சொல்லும் குரல் முத்திரையை) வைத்து எழுதாதீர்கள். டேக் ஒருவருடையதாக இருக்கும். மெலடி லூப்பை இன்னொருவர் கொடுத்திருப்பார், ட்ரம்ஸை மூன்றாமவர் அடித்திருப்பார். செயலியின் கிரெடிட் பக்கத்தைத் திறந்து பெயர்களை எழுதுங்கள். முதல் நாள் அது பாதி காலியாகவே இருக்கும், நான்காம் நாள் மறுபடி பாருங்கள். சாம்பிளையும் அப்போதே சரிபார்க்கலாம். ஃப்யூச்சரின் 2017 பாட்டு ‘மாஸ்க் ஆஃப்’ எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தப் புல்லாங்குழலால். ஆனால் அது அதன் தயாரிப்பாளர் மெட்ரோ பூமின் இயற்றிய மெலடி அல்ல. டாமி பட்லர் 1970களில் ‘செல்மா’ என்ற இசைநாடகத்துக்காக எழுதிய பாட்டிலிருந்து எடுத்தது. மெட்ரோவின் திறமை, அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்ததிலும், 150 வேகத்தில் ட்ரம்ஸை அதன் கீழே இவ்வளவு அடக்கமாக வைத்ததிலும் இருக்கிறது. பாராட்டு சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும்.

6. குரல்

ட்ராப்பில் குரலும் ஒரு வாத்தியம். கதையும் சொல்லாட்சியும் குறைவு என்பதை மட்டும் வைத்து மட்டம் தட்டுவது, தில்லானாவில் சாகித்தியம் குறைவு என்று குறைப்படுவதற்குச் சமம்.

ட்ரிப்லெட் ஃப்ளோ (ஃப்ளோ என்பது சொற்கள் தாளத்தின் மேல் ஓடும் நடை) என்று எழுதும் முன் மேஜையில் தட்டிப் பாருங்கள். “தகிட தகிட” என்று வந்தால் அது திஸ்ர நடை, ட்ரிப்லெட். “தகதிமி” என்று வந்தால் வெறும் வேகம். மீகோஸ் குழுவினர் 2013-இல் ‘வெர்சாச்சி’ மூலம் அதைப் பரவலாக்கினார்கள், கண்டுபிடித்தவர்கள் அல்லர். மெம்ஃபிஸின் த்ரீ 6 மாஃபியா 1990களிலேயே அப்படிப் பாடியிருக்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, ஒரு வெர்ஸுக்குள் நடை எத்தனை முறை மாறுகிறது, எந்த வினாடியில் மாறுகிறது என்பதை. முழு ஆல்பத்திலும் ஒரே நடை என்றால் “ஒரே மாதிரி இருக்கிறது” என்ற உங்கள் உணர்வுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

ஆட்-லிப்களை ஒரு முறை தனியாகப் பின்தொடருங்கள். முதன்மைக் குரலை விட்டுவிட்டு, பின்னால் வரும் கூவல்களை மட்டும் கேட்பது. நல்ல ஆட்-லிப் வரியின் பொருளுக்குப் பதில் சொல்லும், அல்லது அடுத்த வரிக்குத் தாளம் எடுத்துக் கொடுக்கும். ஆட்டோ-ட்யூனைக் “குரல் இல்லாததால் போட்டது” என்று எழுதாதீர்கள். சுருதித் திருத்தம் உடனுக்குடன் பிடிக்கும்படி வைத்தால் குரல் படிப்படியாகத் தாவும், மெதுவாக வைத்தால் வழுக்கும். ஃப்யூச்சரின் கமறல் அந்தத் தாவலின் மேல் உரசும்போதுதான் அவருடைய துயரம் கேட்கிறது.

7. வரிகள்

ஜீனியஸ் என்ற பாடல் வரித் தளத்தில் முதல் நாள் ஏறும் வரிகள் ரசிகர்கள் காதால் கேட்டு எழுதுபவை. தவறுகள் இருக்கும். மேற்கோள் காட்டப்போகும் வரியை மட்டுமாவது நீங்களே பத்து முறை கேட்டு உறுதி செய்யுங்கள். வட்டாரச் சொல்லுக்கு அகராதிப் பொருள் போடாதீர்கள். அதே கலைஞர் அந்தச் சொல்லை வேறு பாட்டில் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். புரியவில்லை என்றால் அந்த வரியை விட்டுவிட்டு வேறு வரியை எடுங்கள்.

இன்னொன்று, இது சட்டமும் அறமும் சேர்ந்த விஷயம். பாட்டில் “நான்” செய்ததாக வருவதை அந்த மனிதர் செய்ததாக எழுதாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபுல்டன் கவுண்டியில் ராப் கலைஞர் யங் தக் மீது 2022 மே மாதம் தொடுத்த வழக்கில் பாட்டு வரிகளைச் சாட்சியமாகக் கொண்டுவர அரசுத் தரப்பு கேட்டது. 2023 நவம்பரில் நீதிபதி நிபந்தனையோடு அனுமதித்தார். 2024 அக்டோபரில் அவர் சில குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் வீடு திரும்பினார். கலிஃபோர்னியா 2022-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, கலைப்படைப்பைச் சாட்சியமாக்குவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வரிகளால் ஒருவர் சிறைக்குப் போகக்கூடிய சூழலில், “அவரே பாட்டில் சொல்லிவிட்டாரே” என்று ஒரு விமர்சகர் எழுதுவது சின்ன விஷயம் இல்லை. “இந்தப் பாட்டின் பாத்திரம்”, “பாட்டில் பேசுபவர்” என்று எழுதப் பழகுங்கள். பெண்களைப் பற்றியும் வன்முறை பற்றியும் உங்களுக்கு உறுத்தும் வரிகள் இருந்தால் வரியைக் காட்டி, ஏன் உறுத்துகிறது என்று நேராகச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக “ஆபாசம்” என்று ஒதுக்குவதால் யாருக்கும் பயன் இல்லை.

கலைஞர் இறந்த பிறகு வரும் ஆல்பங்களில், எந்த வெர்ஸை அவர் முடித்து வைத்திருந்தார், எதை மற்றவர்கள் சேர்த்தார்கள் என்று கிரெடிட்டிலும் பேட்டிகளிலும் தேடிப் பாருங்கள். தெரியாத இடத்தில் குறையை அவர் தலையில் கட்டாதீர்கள்.

8. ஆல்பமாக நிற்கிறதா

நீளத்துக்கு வணிகக் காரணம் உண்டு. அமெரிக்க இசைத் தரவரிசைப் பட்டியலான பில்போர்டு 2018 ஜூலையில் வகுத்த கணக்கின்படி, ஒரு ஆல்பத்தின் பாட்டுகள் சந்தாதாரர்களிடம் 1,250 முறை ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக இருந்தது. விளம்பரத்தோடு கேட்பவர்களிடம் 3,750 முறை ஓட வேண்டியிருந்தது. 2026 ஜனவரியில் இவை 1,000, 2,500 என்று குறைந்தன. பாட்டு கூடினால் எண்ணிக்கை கூடும். மீகோஸின் ‘கல்ச்சர்’ 2017-இல் 13 பாட்டுகள், ஒரு மணி நேரத்துக்குள். ஒரே ஆண்டு கழித்து ‘கல்ச்சர் 2’ 24 பாட்டுகள், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். “நீளமாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எடுத்துவிட்டால் ஆல்பம் நிமிர்கிறது என்று சொல்லுங்கள். நீங்களே அப்படி ஒரு பட்டியல் போட்டு, ஆறாம் நாள் அதைக் கேட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள். சில நேரம் நீங்கள் வெட்ட நினைத்த இடைவேளைப் பாட்டுதான் அடுத்ததைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

9. எழுதும்போது

600 முதல் 900 சொற்கள் போதும். எல்லாப் பாட்டுக்கும் ஒரு வரி எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நான்கு பாட்டுகளை எடுத்து ஆழமாகப் பேசுங்கள். ஒன்றாவது தோற்ற பாட்டாக இருக்கட்டும்.

ஒரு வாக்கியத்தை எப்படித் திருத்துவது என்று பார்க்கலாம். முதல் வரைவு: “ஐந்தாவது பாட்டின் பீட் அபாரம், ஆனால் வெர்ஸ் சொதப்பல்.” திருத்திய பிறகு: “ஐந்தாவது பாட்டில் 0:14-இல் 808 விழுந்த பிறகு பியானோ பின்னால் ஒதுங்கிவிடுகிறது. கிடைத்த அந்த இடத்தை முதல் வெர்ஸ் பயன்படுத்தவில்லை. 1:05 வரை அதே திஸ்ர நடை, ஒவ்வொரு வரியும் அதே அடியில் முடிகிறது. 1:32-இல் விருந்தினர் நடையை மாற்றியதும்தான் பீட்டில் எவ்வளவு இடம் இருந்தது என்று தெரிகிறது.” இரண்டாவதை ஒருவர் மறுக்கலாம், போய்க் கேட்டுச் சரிபார்க்கலாம். அப்படி மறுக்கக்கூடியதாக எழுதுவதுதான் வேலை.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதாக இருந்தால், கட்டுரையை முடித்த பிறகு போடுங்கள். முதலில் எண்ணைப் போட்டுவிட்டால் கட்டுரை அதை நியாயப்படுத்த ஓடத் தொடங்கும்.

10. உரிமை, பணம், வெளியீடு

விமர்சனத்துக்காக வரிகளை மேற்கோள் காட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவும், இலங்கையின் 2003-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும், அமெரிக்கச் சட்டத்தின் 107-ஆம் பிரிவும் இடம் தருகின்றன. மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: தேவையான அளவு மட்டும், அதைப் பற்றிப் பேசுவதற்காக. இரண்டு மூன்று வரிகள் எடுத்து அதை அலசினால் சிக்கல் வராது. முழு ஹூக்கையும் மொழிபெயர்த்துப் போட்டால் அது விமர்சனம் ஆகாது.

யூட்யூபில் பேசுவதாக இருந்தால் பாட்டை ஓட விட்டுப் பேசாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் தானியங்கி அமைப்பு சில வினாடிகளிலேயே பிடித்துவிடும். நீங்கள் ஆட்சேபித்தால் உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது, மேல்முறையீட்டுக்கு 7 நாள். அதற்குள் உங்கள் விமர்சனம் பழசாகிவிடும். பீட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் மேஜையில் தட்டிக் காட்டுங்கள், நிமிடத்தை எழுத்தில் போடுங்கள்.

பணம் கொடுத்து விமர்சனம் கேட்பவர்கள் வருவார்கள், குறிப்பாகப் புதுக் கலைஞர்களின் விளம்பரதாரர்கள். வாங்காமல் இருப்பதே நல்லது. பணமோ பொருளோ வாங்கினால் அமெரிக்காவில் எஃப்டிசி (கூட்டாட்சி வர்த்தக ஆணையம்) விதிகளும், இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. கட்டுரையின் தலையிலேயே சொல்லுங்கள், அடியில் ஒளித்து வைக்காதீர்கள். முன்கூட்டியே கேட்க இணைப்பு அனுப்பினால், எந்தத் தேதி வரை வெளியிடக்கூடாது என்பதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். அந்த ஆடியோவில் பெரும்பாலும் உங்களுக்கென்று ஒரு மறைகுறி இருக்கும். அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். வெளியான பதிப்பில் மிக்ஸ் மாறியிருக்கலாம், வெள்ளிக்கிழமை ஒரு முறை சரிபார்த்த பிறகே பதிவிடுங்கள்.

வெளியிட்ட பிறகு டீலக்ஸ் வந்தாலோ பாட்டு மாற்றப்பட்டாலோ பழைய கட்டுரையை அழித்து எழுதாதீர்கள். அதே கட்டுரையின் கீழே தேதியிட்டு ஒரு பத்தி சேருங்கள்: எது மாறியது, அதனால் உங்கள் தீர்ப்பில் எது மாறுகிறது, எது மாறவில்லை. வாசகர் யாராவது கிரெடிட்டிலோ வரியிலோ பிழை காட்டினால் அன்றே திருத்தி, திருத்தியதையும் அதே இடத்தில் குறித்துவையுங்கள்.